கூத்தர் செல்லும் வழி

ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்த கலைஞர்களைப் பற்றித் தமிழில் ஒரு பழைய நூல் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் அது. அதற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. பெருங்கௌசிகனார் என்னும் புலவர் 583 அடிகளில் அதனைப் பாடினார். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, நன்னன் என்னும் தலைவனிடம் செல்லும் வழியைச் சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. முழவு, ஆகுளி, பாண்டில், குழல் முதலிய கருவிகளைப் பைகளில் கட்டிச் சுமந்து அவர்கள் நடக்கிறார்கள். பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதீர்கள். குழிகளில் பாம்பு இருக்கும். தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் உங்கள்மேல் படாமல் ஒதுங்கிச் செல்லுங்கள் என்றெல்லாம் வழி சொல்பவன் எச்சரிக்கிறான். எங்கே தங்கலாம், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறான். நன்னன் ஆண்ட செங்கண்மா இன்றைய செங்கம். செஞ்சிக் கோட்டையிலிருந்து மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் அவ்வூரை அடையலாம்.

இந்நூலை வகுப்பறையில் படிக்கும் மாணவர் பலர், இஃது என்றோ முடிந்துபோன வாழ்க்கை என்று எண்ணுவர். பங்குனி முதல் ஆடி வரையுள்ள மாதங்களில் செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஓர் இரவு தங்கினால் அவ்வெண்ணம் மாறிவிடும். அங்கே தெருக்கூத்து ஆடுவோர் இன்றும் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பல இரவுகள் கண்டவன் நான்; ஆட்டம் முடிந்த காலை வேளைகளில் அவர்களோடு அமர்ந்து பேசியும் இருக்கிறேன். அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையும் பற்றி எழுதியவர்கள் பலர். நானோ அவர்களுடைய வழிப்பயணத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். கூத்தின் உருவத்தைப் பெரிதும் வகுத்தது அந்தப் பயணமே என்பது என் கருத்து.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். செஞ்சிக்கு அருகில் மேலச்சேரி என்றோர் ஊர் இருக்கிறது. பழைய செஞ்சி என்றும் அதனைக் கூறுவர். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலையே திரௌபதி வழிபாட்டின் மூல இடமாக அடியார்கள் பலர் கருதுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்பது அந்நூலின் துணைத்தலைப்பு. பாரதக் கதை இந்த வட்டாரத்தில் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. ஆண்டுதோறும் மண்ணில் நிகழ்வது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பகற்பொழுதில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். பகலில் கேட்ட கதை இரவில் கூத்தாக வரும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை தொடர்ந்து செல்லும். சில ஊர்களில் பத்து இரவுகள் ஆடுவர். பதினெட்டு இரவுகள் ஆடும் ஊர்களும் உண்டு. ஒரு குழு ஓர் ஊரில் இவ்வாறு பல நாள் தங்குவது ஒரு வகைப் பயணம். மாரியம்மன் விழா முதலியவற்றுக்கு ஓர் இரவு மட்டும் ஆடிவிட்டு மறுநாள் வேறோர் ஊருக்குச் செல்வது இன்னொரு வகை. இறந்தவர்க்குக் கருமாதி செய்யும் வீடுகளில் கர்ண மோட்சம் ஆடும் வழக்கமும் இருப்பதால், விழாக் காலம் கழிந்த பிறகும் சில இரவுகள் அவர்களுக்கு வேலை கிடைக்கும்.

இக்குழுவை இப்பகுதி மக்கள் ஜமா என்கிறார்கள். ஏறத்தாழ 15 பேர் ஒரு ஜமாவில் இருப்பர். வேடம் கட்டுவோர், கட்டியக்காரன், மிருதங்கம், தோலக்கு, முகவீணை, ஆர்மோனியம் வாசிப்போர் ஆகியோர் அதில் அடங்குவர். ஆட்டத்தையும் பாட்டையும் கற்றுத்தருபவர் வாத்தியார். ஜமாவின் அமைப்பை விளங்கிக்கொள்ள, பழைய நாடகக் கம்பெனிகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய சபைகளில் சிறுவர்கள் ஒரே வீட்டில் தங்கி, கட்டுப்பாட்டோடு பயின்றனர். ஒரு நகரத்தில் கொட்டகை அமைந்தால் வாரக்கணக்கில் அங்கேயே நாடகம் நடக்கும். நுழைவுச் சீட்டு விற்ற பணம் முதலாளியிடம் சேரும். நடிகருக்குச் சம்பளம் கிடைக்கும். கூத்து ஜமாவுக்குக் கொட்டகையும் கிடையாது. நுழைவுச் சீட்டும் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுப்பர். இதற்குத் தாம்பூலம் என்று பெயர். அதை வாங்கிவிட்டால், குறித்த இரவில் அந்த ஊரில் ஜமா இருந்தே தீரவேண்டும். கிடைக்கும் பணத்தை அவரவர் வேடத்துக்கும் தேர்ச்சிக்கும் ஏற்பப் பங்கு வைத்துக்கொள்ளும் ஜமாக்கள் உண்டு. இரவுக்கு இவ்வளவு என்று பேசி ஆளமர்த்தும் ஜமாக்களும் உண்டு.

இவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். முன்பு கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றவர்கள், பின்பு பேருந்தில் சென்றார்கள். இன்று வேனில் செல்கிறார்கள். மாலையில் ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டிகளை இறக்குவர். கோயில் மண்டபமோ பள்ளிக்கூடத் திண்ணையோ அவர்களுக்குத் தங்குமிடமாகும். ஊரார் அளிக்கும் உணவை உண்டபின், கீற்று மறைப்புக்குள் அமர்ந்து ஒருவர்க்கொருவர் கண்ணாடி பிடித்து முகத்தில் அரிதாரம் பூசத் தொடங்குவர். அரச வேடம் முழுவதும் முடிய மணிக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் வெளியே களரி கட்டுவார்கள். வாத்தியங்கள் அனைத்தும் சேர்ந்து முழங்கி, இன்று கூத்து உண்டு என்று அயலூர்களுக்கும் அறிவிப்பதே களரி கட்டுதல். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நடக்கும். பொழுது புலர்ந்ததும் முகத்தைக் கழுவி, சில மணி நேரம் உறங்கி, மீண்டும் பெட்டிகளை ஏற்றுவார்கள்.

எல்லா நாளும் விடியலோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அர்ச்சுனன் தபசு ஆடும்போது, அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறவேண்டும். அவர் மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்தைப் பெறுவதற்குப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பர். பதினெட்டாம் போர் ஆடிய மறுநாட் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் தரையில் கிடக்கும். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வேடம் கலையாமல் வெயிலில் அங்கே வந்து போரிடவேண்டும். அன்று மாலை தீமிதி நடைபெறும். அவ்வேளையில் அந்நடிகர்களை ஊரார் நடிகர்களாகவே கருதுவதில்லை. துரியோதனன் விழும்போது கண் கலங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, பயணம் கலையை எவ்வாறு வகுத்தது என்பதற்கு வருவோம். கூத்தில் அரசர் அணியும் கிரீடமும் புயத்தணியும் மார்புப் பதக்கமும் மரத்தால் ஆனவை. கட்டை என்பது இவ்வணிகளின் பெயர். பொன்போல் தோன்றவேண்டும், ஆனால் தலையில் வைத்து இரவு முழுவதும் சுழன்றாடக் கூடியனவாகவும், பெட்டியில் அடுக்கி எடுத்துச் செல்லக் கூடியனவாகவும் இருக்கவேண்டும். ஆகவே எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டினார்கள். தீவட்டி வெளிச்சத்திலும் அக்கண்ணாடிகள் மின்னும். பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது, மின்விளக்கு வந்தது, அவை இன்றும் மின்னுகின்றன.

அரங்கத்தையும் எண்ணிப் பாருங்கள். கூத்துக்கு வேண்டியது சமமான ஒரு தரையும், இருவர் கையில் பிடிக்கும் ஒரு திரையும் மட்டுமே. அத்திரைக்குப் பின்னால் நின்று பாடி, பாதி முகம் காட்டி, பிறகு முழுவதும் வெளிப்படும் அரசன், அரங்கம் இல்லாத இடத்திலேயே ஓர் அரண்மனையை உண்டாக்கிவிடுகிறான். கட்டியக்காரனோ அரசனைப் பார்த்து நீ யார், எந்த நாட்டான் என்று கேட்பான். அதே மூச்சில் அந்த ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தையும் இழுத்துப் பேசுவான். மாலையில்தான் ஊருக்குள் வந்த அந்நியர்களை நள்ளிரவுக்குள் ஊர்க்காரர்களாக ஆக்கிவிடும் வேலை அவனுடையது. எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்கும் முறையும் இங்கே இல்லை. பாட்டுகள் நெஞ்சில் இருக்கின்றன. இடையில் வரும் வசனத்தை நடிகரே கட்டிக்கொள்கிறார். மழை வந்து ஒரு மணி நேரம் போய்விட்டால் வாத்தியார் கதையைச் சுருக்குவார். விடியச் சற்று நேரம் இருந்தால் ஒரு தருக்கத்தை நீட்டுவார். இவற்றில் எதுவும் வசதிக் குறைவால் வந்த ஒப்புரவு என்று எனக்குத் தோன்றவில்லை. நடந்து நடந்து தேர்ந்த கலைநுட்பம் என்றே நான் மதிக்கிறேன்.

இவ்வாழ்வின் கடினமான பக்கத்தையும் மாணவர்கள் அறியவேண்டும். ஆண்டில் சில மாதங்களே கூத்துக் காலம். மற்ற மாதங்களில் பலர் வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் செல்கின்றனர். தொண்டை கட்டினால் மாற்று ஆள் எளிதில் கிடைப்பதில்லை. குழந்தை காய்ச்சலில் கிடந்தாலும் தாம்பூலம் வாங்கிய ஊருக்குப் போகவேண்டும். தெருக்கூத்து என்னும் பெயரிலேயே ஓர் இழிவு ஒலிப்பதாகக் கருதிய கலைஞர்கள் சிலர், கட்டைக்கூத்து என்ற பெயரை விரும்பி, காஞ்சிபுரம் பகுதியில் 1990 இல் ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில், சிறுவரோடு சிறுமியரும் கூத்தும் பள்ளிப்படிப்பும் பயின்றனர். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த கலையில் அது பெரிய மாற்றம்.

வழி அடைபட்டால் இக்கலை என்னவாகும் என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் 25 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனி மாதம். கூத்துக் காலம் பிறக்கும் வேளை. திருவிழாக்கள் நின்றன, பெட்டிகள் மூடிக்கிடந்தன. 1592 முதல் 1594 வரை இலண்டன் மாநகரிலும் இவ்வாறே கொள்ளைநோயால் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. நடிகர்கள் ஊர்ப்புறங்களுக்குச் சுற்றுப்பயணம் போனார்கள். பெம்புரோக் பிரபுவின் பெயர் தாங்கிய குழு வழிச்செலவைத் தாங்க முடியாமல் 1593 இல் திரும்பிவந்து, தன் நாடக உடைகளை அடகு வைத்தது. ஷேக்ஸ்பியர் பங்காளியாக இருந்து புகழ்பெற்ற குழு உருவானது மறு ஆண்டில்தான். அங்கும் நடிகர்கள் வரவையும் செலவையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்று மேலைநாடுகளில் ராக் இசை வாசிக்கும் இளைஞர் குழுக்கள் பல, பெரிய நிறுவனங்களைச் சாராமல் தாமே இயங்குகின்றன. நான்கைந்து பேர் ஒரு வேனில் முரசுகளையும் ஒலிபெருக்கிகளையும் தாமே ஏற்றிச் சென்று, இரவில் வாசித்து, வாசலில் தம் இசைத்தட்டுகளை விற்று, அடுத்த ஊருக்கு எண்ணெய்ச் செலவு தேடுகிறார்கள். முதலாளி இல்லாத கலைஞனுக்கு எந்த நாட்டிலும் கேட்பவர் கூட்டமே புரவலர்.

செஞ்சிக் கோட்டையை நாயக்கர் ஆண்டனர். பீசப்பூர் சுல்தான் படைகள் பிடித்தன. 1677 இல் சிவாஜி கைப்பற்றினார். 1698 இல் மொகலாயர் வென்றனர். 1714 இல் தேசிங்கு அங்கே போரிட்டு மாண்டான். ஆண்டவர் எவரும் இன்று இல்லை. கோட்டை 2025 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. கல்லால் ஆனதை வேலியிட்டுக் காக்கலாம். கூத்தை அவ்வாறு காக்க முடியாது. ஓர் ஊர் கூடிப் பணம் திரட்டித் தாம்பூலம் கொடுக்கவேண்டும். ஒரு ஜமா சொன்ன இரவில் வந்து சேரவேண்டும். மக்கள் விடியும்வரை விழித்திருக்கவேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் கூத்து உண்டு. இதில் மாணவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விடுமுறையில் உங்கள் பக்கத்து ஊரில் களரி முழக்கம் கேட்டால், ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். நள்ளிரவில் எழுந்து வந்துவிடாதீர்கள். கூத்தின் சிறந்த பகுதி பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகிறது.