ஸ்காட்லாந்து மதுக்கூடமும் நம் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

ஜித்ராவிலிருந்தோ சுங்கைப் பட்டாணியிலிருந்தோ பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, பிறகு அவனைப் பார்த்துவர ஸ்காட்லாந்துக்குப் போகும் பெற்றோர் இன்று நம்மிடையே உண்டு. உங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டினால், எடின்பரோ நகரில் ஒரு பழைய மதுக்கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். நீங்கள் குடிக்காதவராயினும் பாதகமில்லை. ஆரஞ்சுச் சாறு கேட்டாலும் தருவார்கள்.

உள்ளே நீண்ட மரமேடை, பளபளக்கும் பித்தளைக் குழாய்கள், பூவேலை செய்த கண்ணாடிகள். உங்கள் மேசைக்கு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். நீங்களே மேடைக்குப் போய்க் கேட்டு, கையோடு காசைக் கொடுத்து வாங்கிவர வேண்டும். நால்வர் சேர்ந்து போனால், முறை வைத்து ஒருவர் எல்லாருக்குமாக வாங்குவது வழக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து சாப்பிடுகிறார்கள். 2006 முதல் உள்ளே புகைபிடிக்கவும் தடை.

"அடடா, இது எங்கே, நம் கள்ளுக்கடை எங்கே!" என்று தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். இந்த ஒழுங்கு அங்கே தானாக வந்துவிடவில்லை.

அந்நாட்டுத் தொழிலாளிக் குடும்பங்களும் குடியால் நொந்தவைதான். 1853-இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடச் செய்தது. 1913-இல் வந்த சட்டம், தங்கள் வட்டாரத்தில் மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்று வாக்களிக்கும் உரிமையை மக்களுக்கே தந்தது. கிர்க்கின்டில்லோக் என்ற ஊரார் வேண்டாம் என்று 1920களில் மூடிய கடைகள் 1960களில்தான் மீண்டும் திறந்தன!

எடின்பரோவுக்குத் தெற்கே நியூட்டன்கிரேஞ்ச் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். வேலையும் கம்பெனியுடையது, குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. ஏறக்குறைய நம் தோட்டம் போலத்தான். 1899-இல் அங்கே 'டீன் டாவர்ன்' என்ற மதுக்கூடம் பிறந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தோன்றிய முறையை அது பின்பற்றியது. பணம் போட்டவர்களுக்கு ஓர் அளவுக்கு மேல் இலாபம் கிடையாது. மிச்சமெல்லாம் ஊர்ப் பொதுநலனுக்கு. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அந்தப் பணத்தால் பயன்பெற்றன. சுரங்கம் 1981-இல் மூடப்பட்டது. மதுக்கூடமோ நிலைத்து நின்றது.

இனி நம் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சியில் தோட்டத்துக் கள்ளுக்கடை அரசாங்க உரிமத்துடன்தான் நடந்தது. இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட இங்கும் ஒரு நிதி இருந்தது. விளையாட்டுக்கும் விழாவுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. ஆனால் நிதியின் சாவி நிர்வாகத்தின் கையில். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவன் மாலையில் கூலியைக் கடையில் கொட்டினான். அதில் ஒரு பங்கு திருவிழாவாகத் திரும்பி வந்தது. உலை ஏறாத அடுப்புக்கு அது ஈடாகுமா?

கள்ளின் இயல்பும் அவனுக்குப் பகையாயிற்று. ஸ்காட்ச் விஸ்கி பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். காலையில் இறக்கிய கள்ளோ மாலைக்குள் புளித்துக் கடுமை ஏறிவிடும். மறுநாளுக்கு வைத்தால் வீண். அன்றைய கள் அன்றே தீர வேண்டும், அன்றைய கூலியும் அதனோடு தீர்ந்தது.

இதை நம்மவர் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்குப் பின் நம் கெடாவிலேயே, ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் மூண்டு, உயிர்ப்பலியும் நேர்ந்தது. கேட்டது சொத்தோ பதவியோ அல்ல. கூலி வீடு வந்து சேரவேண்டும் என்பதுதான்!

ஸ்காட்லாந்து ஊர்கள் வாக்குச் சீட்டால் செய்ததை, வாக்குரிமை இல்லாத நம் முன்னோர் தங்கள் உடம்பால் செய்தார்கள். கடையை வைப்பதும் மூடுவதும் எங்கள் உரிமை என்று இருவரும் கேட்டார்கள். ஒருவர் குரலுக்குச் சட்டம் செவி சாய்த்தது. மற்றவருக்குத் தடியடி கிடைத்தது.

தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பின்னர் பெரும்பாலும் மறைந்தன. தொல்லை மறைந்ததா? மலிவான சம்சு போத்தல் அந்த இடத்தைப் பிடித்தது. 2018-இல் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் நம் நாட்டில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்யலாம். பையில் மறைத்து வீட்டுக்குள் வரும் போத்தலுக்கு முன்னால் யார் மறியல் செய்வது?

அந்தக் காவல் இன்று குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. சம்பள நாளன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் அரிசி பருப்பையும் முதலில் எடுத்து வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத போத்தலை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். தொண்டர் படை கேட்டதும் இதைத்தானே!