மெய்நிகர் பொறிக்கு ஏற்ற தொகுப்பி

ஜாவா மொழியில் எழுதிய மூலநிரலை இடைநிலைக் குறிமுறையாக மாற்றுவது தொகுப்பி. அக்குறிமுறையை இயக்குவது மெய்நிகர் பொறி. தொகுப்பியின்றிப் பொறியை மட்டும் பெற்றவர் பிறர் ஆக்கியவற்றை இயக்கலாமேயன்றித் தாமே ஒன்றை ஆக்க இயலாது. ஆதலின், எத்தொகுப்பியை உடன் வழங்குவது என்பது ஆராயத்தக்கது. 2005-இல் தொடங்கிய அப்பாச்சி ஹார்மனித் திட்டத்தை ஈண்டுச் சான்றாகக் கொள்வோம்.

திறந்த மூலத் தொகுப்பிகளுள் இரண்டை ஒப்பிடுவோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிய ஜைக்ஸ், சி++ மொழியில் எழுதப்பெற்றது, விரைவு மிக்கது. எனினும், ஜாவா 5-இல் புகுந்த புதிய கூறுகளை அது முழுமையாக ஏற்கவில்லை. கணிப்பொறி வகைதோறும் அதனைத் தனித்தனியே ஆக்கிக்கொள்ளலும் வேண்டும். எக்லிப்சுத் தொகுப்பியோ ஜாவாவிலேயே எழுதப்பெற்றது. அம்மொழியின் புதிய கூறுகளையும் ஏற்றது. பொறி இயங்கும் இடமெல்லாம் அதுவும் இயங்கும். தன்னைத் தாங்கும் பொறிக்கே ஒரு சோதனையாகவும் அமையும். ஹார்மனி இதனையே மேற்கொண்டது.

2006 நவம்பரில் சன் நிறுவனம் தன் தொகுப்பியைக் குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிட்டது. ஆயினும், அவ்வுரிமத்துப் படைப்புகளை அப்பாச்சி அமைப்பு தன் வெளியீடுகளில் சேர்ப்பதில்லை. எனவே, விரைவு ஒன்றே அளவுகோல் அன்று. மொழிநிறைவு, இயங்குமிடம், உரிமம் ஆகிய மூன்றும் ஒருங்கு பொருந்துவதே தக்க தொகுப்பி என்பது நம் துணிபு.