கிரகரி வாவியில் ஒரு எஞ்சினின் கனம்

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி வேன் பிடித்து நுவரெலியா போகிறவர்கள் கிரகரி வாவியில் படகு ஏறாமல் திரும்புவது அபூர்வம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைந்த வாவி அது. படகின் பின்பலகையில் தொங்கும் எஞ்சினை யாரும் கவனிப்பதில்லை, அதைத் தூக்கி மாட்டுகிறவரைத் தவிர.

பழசு கனம், புதுசு லேசு என்றுதான் நினைப்போம். அவுட்போர்ட் மோட்டரில் அது முழு உண்மையில்லை. அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய மோட்டர் ஒன்றரைக் குதிரைவலுதான். கனமோ 28 கிலோ. பிறகு அலுமினியம் வந்தது. யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் 15 குதிரைவலு எஞ்சின் சுமார் 36 கிலோவுக்கு இறங்கியது; ஒருவரே தோளில் வைத்து நடக்கலாம். அடுத்து வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் 15 மறுபடி 50 கிலோவைத் தாண்டியது. அரிசி மூட்டைதான்! கூடிய கனம் 15 கிலோ. பேர் விழ, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம் பதிய, 18 கிலோ கொழுந்து கேட்கும் தேயிலைத் தோட்டமென்றால் அதற்கு முழுப்பேர் கிடைக்காது.

டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் தலையில் வால்வு இல்லை, கேம் தண்டு இல்லை, தனி ஒயில் தொட்டியும் இல்லை. ஒயிலைப் பெற்றோலிலேயே கலந்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதே வலுவுக்குச் சிலிண்டர் பெருக்க வேண்டும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் எரியாத பெற்றோலையும் ஒயிலையும் தண்ணீரில் கக்கும். தேங்கிய வாவிக்கு அந்த 15 கிலோ தகும் என்பேன். சுசுகியின் பெற்றோல் பீய்ச்சும் 15 குதிரைவலு எஞ்சின் இப்போது 44 கிலோவுக்கு வந்துவிட்டது.

மலைக்கு இன்னொரு கணக்கு உண்டு. வாவி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. வலுவும் ஏறத்தாழ அப்படியே குறையும். நீர்கொழும்பில் 15 குதிரைவலு தரும் எஞ்சின் இங்கே 12 சொச்சம்தான் தரும். கனம் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாது. கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சின் காற்றுக்குத் தகப் பெற்றோலைக் குறைக்கத் தெரியாமல் புகை தள்ளும். ஜெட்டை மாற்றினால்தான் சீராகும். புதியதில் காற்றழுத்தமானி பார்த்துக்கொள்கிறது.

விளம்பரத்தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் எஞ்சினின் கனம். வாங்குமுன் ஒயில் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பெற்றோலும் அதில் சேராது; 24 லீற்றர் பெற்றோல் தனியே 18 கிலோ.