உம்மாவைப் பார்க்க ஆள் எடுக்கும்போது: கேட்க வேண்டியதும் கொடுக்க வேண்டியதும்

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றுதான் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது. பகலில் யார் பார்ப்பது? ராத்தா கட்டாரில். நான் ஆசிரியை. நிந்தவூரிலும் இந்தக் கரையோர ஊர்களிலும் இதற்கு ஒரு விடை முன்பு இருந்தது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், பெற்றோர் மகளோடு, இல்லையென்றால் பக்கத்து வளவில் இருப்பார்கள், மகள் பார்ப்பாள். இப்போது வீடு அதே இடத்தில் இருக்கிறது, மகள் வேலைக்குப் போய்விட்டாள். 2012 குடிசன மதிப்பீட்டின்படியே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல.

கொழும்பில் ஒரு முகவர் நிலையத்தோடு பேசினோம். "பயிற்சி பெற்றவர், 36 வயது" என்றார்கள். அடையாள அட்டைப் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், முற்பணம் கட்டினோம். வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பிரதியில் இருந்தது வேறொருவரின் இலக்கம். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான்காம் நாள் உம்மாவின் இடுப்பில் தோல் சிவந்து கிடந்தது. படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். அவரைக் கௌரவமாக அனுப்பிவிட்டு, பிறகுதான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலாவது, அடையாள அட்டையின் மூலப்பிரதியைப் பார்க்க வேண்டும். இலக்கமே பலதைச் சொல்லும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1988 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 88532 என்று தொடங்கும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு எண்களில் வரும். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதோடு அவருடைய ஊர்க் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழையும் கேளுங்கள்.

இரண்டாவது, பயிற்சி. பராமரிப்பாளர் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ, இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அதைச் சரிபார்க்கலாம். முதியோருக்கான தேசிய செயலகமும் வீட்டுப் பராமரிப்புக்கு ஆட்களைப் பயிற்றுவித்திருக்கிறது. சான்றிதழ் இல்லாதவர் எல்லாம் வேலை தெரியாதவர் என்றில்லை. அப்படியானால் முதல் நாள் உங்கள் முன்னிலையிலேயே நோயாளியைப் புரட்டவும், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றவும் சொல்லிப் பாருங்கள். படுத்த படுக்கையானவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். ஊசி போடுவது தாதியின் வேலை, பராமரிப்பாளரின் வேலையல்ல. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும் நிலையத்தை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நாங்கள் கட்டும் காசில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது, லீவு எத்தனை நாள், ஆள் ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வீட்டுப் பணி நீண்டகாலமாக ஊழியர் சேமலாப நிதிக்கு வெளியே வைக்கப்பட்ட வேலை. "இவர் எங்கள் ஊழியர்" என்று நிலையம் சொன்னால், சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று கேளுங்கள். நிலையத்தார் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டுவது சட்டம். பதில் வராவிட்டால் அவர்கள் வெறும் தரகர் என்று விளங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, எங்கள் ஊருக்கே உரிய கேள்விகள். உம்மாவுக்குப் பெண்தான் வேண்டும், வாப்பாவுக்கு ஆண்தான் வேண்டும். "தலை சுத்துது மகள்" என்றால் விளங்கும் மொழி வேண்டும். வுழூ செய்துவிடவும், இருந்தபடி தொழ உதவவும் மனம் வேண்டும். அவர் வேறு மதத்தவராக இருக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் நாங்கள் கேட்கும் பக்கம். மறுபக்கமும் இருக்கிறது, அது இந்தக் கிழக்குக் கரைக்குப் புதிதல்ல. எத்தனையோ வீடுகள் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்த பெண்களின் காசில் எழுந்தவை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயதைக் கூட்டிய கடவுச்சீட்டில் 2005 இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவருக்கு 17 வயது. பயிற்சியில்லாத அந்தப் பிள்ளையிடம் கைக்குழந்தையை ஒப்படைத்தார்கள், குழந்தை இறந்தது. பால் புரைக்கேறியதாக ரிசானா சொன்னார். 2013 ஜனவரி 9 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய் வயதும் இல்லாத பயிற்சியும் யாரைக் கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணின் விடயத்திலும் நடந்தது அதே பொய்தான். இம்முறை காசு கட்டிய பக்கத்தில் நாங்கள் நின்றோம்.

அதனால் இரண்டாவதாக வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொண்டு, உடனே திருப்பிக் கொடுத்தோம். கடவுச்சீட்டைப் பறித்து வைத்தவர்களை ஏசிய ஊர் நாங்கள். உள்ளே பூட்டக்கூடிய அறை, கையில் தொலைபேசி, மாதத்தில் நான்கு நாள் லீவு. நகையையும் காசையும் முதலிலேயே அலுமாரியில் பூட்டினோம். பிறகு சந்தேகப்படுவதைவிட அது நல்லது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி: குளிசை, பிரஷர், சாப்பாடு, புரட்டிய நேரம். பின்னேரம் நான் வந்து அதைப் பார்ப்பேன், உம்மாவின் இடுப்பையும் பார்ப்பேன்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்ததும் அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை. ராத்தா தினமும் இஷாவுக்குப் பிறகு வீடியோவில் வருவார். முதலில் உம்மாவிடம் பேசுவார், பிறகு அவரைப் பார்ப்பவரிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.