எஸ்தோனியாவுக்குக் குடிபோகிறவர்களுக்கு

பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்தோனியா தேசத்துக்குப் படிப்பின் நிமித்தமாகவும் உத்தியோகத்தின் நிமித்தமாகவும் செல்ல விரும்பும் வாலிபர்களில் பலர், அத்தேசத்தைப் பற்றி ஒரேயொரு விஷயத்தையே கேள்விப்பட்டிருக்கிறார்கள். சர்க்கார் காரியங்களெல்லாம் அங்கே கம்ப்யூட்டர் மூலம் நொடியில் முடிந்துவிடும் என்பதே அது. மெய்தான். 2002 முதல் வழங்கப்பட்டு வரும் அடையாள அட்டையைக் கொண்டு வரிக் கணக்குச் சமர்ப்பிக்கலாம், பத்திரங்களில் கையொப்பமிடலாம், 2005 முதல் பிரஜைகள் வீட்டிலிருந்தபடியே வாக்கும் அளித்து வருகிறார்கள். ஆனால் இதைக் கொண்டு, அத்தேசம் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வருவோரையெல்லாம் எதிர்பார்த்து நிற்கிறதென்று நினைப்பது பெரும் பிழை.

2014-ம் வருஷக் கடைசியில் ஏற்பட்ட 'இ-ரெஸிடென்ஸி' என்னும் ஏற்பாட்டின் பெயரைப் பார்த்து ஏமாறுவோர் அநேகர். அயல் நாட்டில் இருந்துகொண்டே அங்கு ஒரு கம்பெனியைப் பதிவு செய்து நடத்தும் சௌகரியம் அது. அதைக் கொண்டு எஸ்தோனியாவில் ஒரு நாள் தங்குவதற்கும் பாத்தியதை கிடையாது. வாச அனுமதிக்குச் சட்டம் வேறு. ஐரோப்பிய யூனியனைச் சேராத நாட்டாருக்கு வருஷந்தோறும் புதிதாய் அளிக்கும் அனுமதிகள், நிரந்தர ஜனத்தொகையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மேற்போகலாகாது என்று விதித்திருக்கிறார்கள். மாணவர், கம்ப்யூட்டர்த் தொழில் நிபுணர் முதலிய சிலருக்கு மட்டும் விலக்குண்டு.

இவ்வளவு கண்டிப்பு எதற்காக? அத்தேசத்தின் ஜனத்தொகை 14 லக்ஷத்துக்கும் குறைவு. 1918-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த அவர்களை 1940-ல் ஸோவியத் ருஷியா விழுங்கிற்று. நடுவே மூன்று வருஷம் ஜெர்மானியர் ஆண்டனர். பிறகு மறுபடியும் ருஷியரே. 1949 மார்ச் மாதத்தில் சில தினங்களுக்குள் 20,000-க்கு மேற்பட்டோர் ஸைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஸ்திரீகளும் குழந்தைகளும் கிழவர்களுமே. வெளியிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறிக்கொண்டே இருந்தனர். 1934-ல் நூற்றுக்கு 88 பேராயிருந்த எஸ்தோனியர், 1989-ல் நூற்றுக்கு 62 பேருக்கும் குறைந்துபோயினர். சொந்த மண்ணிலேயே சிறுபான்மையோராகி விடுவோமோ என்ற அவர்களுடைய அச்சம் வெறுங்கற்பனையா? 1988-ல் லக்ஷக்கணக்கில் கூடிப் பாட்டுப் பாடியே கிளர்ச்சி செய்தார்கள். 1991 ஆகஸ்டு 20-ந் தேதி சுதந்திரத்தை மீட்டார்கள்.

அவர்களுடைய கோட்டை அவர்களுடைய பாஷையே. அதில் வேற்றுமைகள் 14. நம்முடைய எட்டைக் கற்றவர்கள் இதற்கு மலைக்க வேண்டியதில்லை. நம் பாஷையைப் போலவே அதுவும் பகுதியோடு விகுதிகளை ஒட்டிச் செல்வது. கால்டுவெல் பாதிரியார் இவ்வினத்துப் பாஷைகளோடு தமிழுக்கு உறவு கூடச் சொன்னார். இக்காலப் பண்டிதர்கள் அதை ஒப்புவதில்லை. ராஜதானியாகிய டாலினில் இளைஞர்கள் இங்கிலீஷ் நன்றாய்ப் பேசுகிறார்கள்; கம்பெனிகளிலும் அது செல்லும். ஆகையால் எஸ்தோனிய பாஷையில் ஒரு வாக்கியமும் அறியாமல் வருஷங்களைக் கழித்துவிடுவது எளிது. ஐந்து வருஷத்துக்குப் பின் நிரந்தர வாசம் கேட்கும்போதுதான் பாஷைப் பரீட்சை வழிமறிக்கும். அந்நிய பாஷையின் நுகம் இன்னதென்று அறிந்த நாம் இதைக் குறை கூறுவதெப்படி?

ஆனால் மறுபக்கமும் உண்டு. எல்லையிலுள்ள நார்வா நகரில் ஏறக்குறைய எல்லாரும் ருஷிய பாஷையே பேசுகிறார்கள். 2024 முதல் பள்ளிக்கூடங்கள் படிப்படியாக எஸ்தோனிய பாஷைக்கு மாற்றப்பட்டு வருகின்றன. எந்த நாட்டுக்கும் பிரஜையாகாமல் அங்கேயே கிழவரானவர்கள் பல்லாயிரவர். இவர்கள் விஷயத்தில் அச்சம் சில வேளைகளில் நீதியை முந்திக்கொண்டுவிட்டது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

தேசம் வேகமாக மாறி வருகிறது. 2004-ல் ஐரோப்பிய யூனியனிலும் நேட்டோவிலும் சேர்ந்தது. 2011-ல் யூரோ நாணயத்தை ஏற்றது. 2025 பிப்ரவரியில் ருஷியாவின் மின்சாரத் தொடர்பையே அறுத்துக்கொண்டது. 2022-ல் உக்ரேனில் மூண்ட யுத்தத்துக்குப் பின் ராணுவச் செலவு ஏறிற்று. 2023-ல் நூற்றுக்கு 20 ஆயிருந்த விற்பனை வரி 2025 ஜூலை முதல் 24 ஆயிற்று. பழைய கணக்கை நம்பிச் செலவுக்குப் பணம் எடுத்துச் செல்வோர் திண்டாடுவார்கள்.

டிசம்பரில் பகல் ஆறு மணி நேரமே. இருட்டில் நடப்பவர்கள் மோட்டார் வெளிச்சத்தில் பளபளக்கும் சிறு வில்லையொன்றை உடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டுமென்பது அங்கே சட்டம். டாலின் வாசியென்று பதிவு செய்துகொண்டவருக்கு நகர பஸ்ஸும் டிராமும் இலவசம். ஆகவே போனவுடன் பதிவு செய்துகொள்வது நலம். அண்டை வீட்டார் முகமன் கூறவில்லையென்று மனம் புண்பட வேண்டாம். மிதமான பேச்சு அவர்கள் சுபாவம்.

பிரஜையாக விரும்பினால் எட்டு வருஷ வாசமும், பாஷைப் பரீட்சையும், அரசியற் சட்டத்தில் பரீட்சையும் வேண்டும். அன்றியும் பிறந்த நாட்டுப் பிரஜாவுரிமையை விட்டுவிட வேண்டும். அவர்கள் கேளாவிட்டாலும் நம் இந்தியச் சட்டமும் இரண்டை ஒருங்கே வைத்திருக்க விடாது.