இளம் பந்து மலைப்பாம்புக்கு ஏற்ற இல்லம்

வீட்டுக்கடன் கோரி வருவோரிடம் வங்கி முதலில் கேட்பது மூலப்பத்திரத்தையே. சுவரின் வண்ணத்தை அன்று. பந்து மலைப்பாம்பு வளர்க்க விழைவோரும் இதே வரிசையைப் பின்பற்றுதல் நலம். முதலில் ஆவணம், அடுத்து இருப்பிடம், அதன் பின்னரே பாம்பு.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பாம்பு நஞ்சற்றது. அஞ்சும்போது தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்றது. நன்கு பேணினால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். நீண்டகால வீட்டுக்கடனின் தவணைக்காலம் அளவுக்கு நீளும் பொறுப்பு இது.

2023 செப்டம்பரில் பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து எவரும் உரிமை கோராத பெட்டிகளில் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிருடன் மீட்கப்பட்டன. அவற்றுடன் அடைக்கப்பட்டிருந்த 6 குரங்குகள் இறந்து கிடந்தன. ஆவணமற்ற பாம்பு எத்தகைய வழியில் வந்திருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. 2024-இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் விதிகளின்படி, இத்தகைய அயல்நாட்டு உயிரினத்தைப் பெற்ற 30 நாட்களுக்குள் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையெனில் வாங்காதிருப்பதே முறை. நம் நாட்டு மலைப்பாம்பையோ எவரும் வளர்ப்புயிராக வைத்திருக்கச் சட்டம் இடந்தருவதில்லை.

இனி இருப்பிடம். இளம் பாம்புக்குச் சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பெட்டி தொடக்கத்தில் போதும். வளர்ந்தபின் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் தேவைப்படும். பெரிய பெட்டி குட்டியை அச்சுறுத்தும் என்பர். உண்மையில் அச்சுறுத்துவது இடப்பரப்பு அன்று. ஒளிய இடமில்லாத வெறுமையே. வெப்பமான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக, உடலை ஒட்டி மூடும் அளவில் இரு மறைவிடங்கள் அமைக்க வேண்டும். ஒன்றே இருப்பின், பாம்பு பாதுகாப்புக்காக வெப்பத்தை இழக்கும், அல்லது வெப்பத்துக்காகப் பாதுகாப்பை இழக்கும். அஞ்சிய பாம்பு இரையை மறுத்துவிடும்.

பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாதது. ஆகவே பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறு முனை 25 முதல் 27 டிகிரி என இருத்தல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்குக் குறைகிறது. சென்னையில் போதுமான ஏற்பாடு தொம்மலூர் அடுக்ககத்தில் போதாது. குளிரில் இரை செரியாது, மூச்சுத்தொற்றும் வரலாம். வெப்பவிரிப்பு அவசியம், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அதனினும் அவசியம். கட்டுப்பாடற்ற விரிப்பும், வெப்பக்கல் என விற்கப்படுவதும் பாம்பின் அடிவயிற்றைச் சுட்டுவிடும். மின்தடைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு துணைநிற்கும்.

காற்றின் ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கட்டும்; தோலுரிக்கும் காலத்தில் சற்றுக் கூடலாம். மேற்புறம் முழுதும் கம்பிவலையிட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரமும் வெப்பமும் நில்லா. காற்றுத்துளைகள் அளவாக உள்ள மூடிய பெட்டியும், தரைவிரிப்பாகத் தென்னை நார்த்துகளும், கனமான நீர்க்கிண்ணமும் ஏற்றவை. பெட்டிக்குப் பூட்டு இன்றியமையாதது: சிறு இடுக்கு வழியே பாம்பு நழுவினால், அண்டை வீட்டாரின் அச்சம் அதன் உயிரையே பறித்துவிடக்கூடும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவையும் முன்கூட்டியே பெறுக.

பாம்பை அழைத்து வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே பெட்டியை இயக்கி, பகலிலும் பின்னிரவிலும் இரு முனைகளின் வெப்பநிலையைக் குறித்துவருதல் நன்று. ஏழு நாள் அளவுகளும் நிலையாக நின்றால் இல்லம் ஆயத்தம். நில்லாவிடில் குறையைச் சரிசெய்து மீண்டும் ஏழு நாள் பார்ப்போம். காத்திருப்பதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை.