கூரை எரிந்த மறுநாளும் நாடகம்

2015 மார்ச் 13, வெள்ளிக்கிழமை பிற்பகல். தெற்கு லண்டனில் லாவெண்டர் ஹில் சாலையில் உள்ள பேட்டர்ஸி கலை மையத்தின் பின்பகுதியிலிருந்து புகை கிளம்பியது. சுமார் 80 தீயணைப்பு வீரர்கள் போராடியும் பெரிய மண்டபத்தின் கூரை தப்பவில்லை. வில்போல் வளைந்து, சுதை வேலைப்பாடுகளோடு நின்ற நூற்றாண்டு பழைய விதானம் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் மாலை, தீ எட்டாத முன்பகுதியில் நாடகம் நடந்தது.

அந்தக் கட்டடம் அதற்கு முன்பே ஒருமுறை சாவின் விளிம்பைப் பார்த்திருந்தது. எட்வர்ட் மவுண்ட்ஃபோர்ட் வடிவமைத்து 1893-ல் திறக்கப்பட்ட அது, முதலில் பேட்டர்ஸியின் டவுன் ஹால். லண்டனின் முதல் கறுப்பின மேயரான ஜான் ஆர்ச்சர் 1913-ல் பதவியேற்றது இந்த நகராட்சியில்தான். ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி மகனான ஷாபுர்ஜி சக்லத்வாலா, 1922-ல் வடக்கு பேட்டர்ஸி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தாம் ஏன் கிறிஸ்தவர் அல்ல என்பதை விளக்கிப் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது 1927 மார்ச்சில், இதே கட்டடத்தில். அந்த உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் வெளியிட்டுப் பரப்பினார்கள். ஈரோடு வரை கேட்ட குரல் ஒன்று லாவெண்டர் ஹில்லில் ஒலித்திருக்கிறது.

1965-ல் பேட்டர்ஸி, வாண்ட்ஸ்வர்த் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. டவுன் ஹாலுக்கு வேலை போனது. இடித்துவிடலாம் என்ற யோசனை எழ, ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று அதைக் காப்பாற்றினார்கள். 1974-ல் அது சமூகக் கலை மையமாயிற்று. பிறகு தனி அறக்கட்டளை ஒன்று அதை நடத்தத் தொடங்கியது.

நகராட்சிக்குச் சொந்தமான பழைய கலை மையங்கள் எல்லா ஊர்களிலும் ஒரே விதமாகத்தான் சிக்கிக்கொள்கின்றன. கட்டடம் ஒருவருடையது, அதில் உழைப்பவர் வேறொருவர். கூரை ஒழுகினால் யார் பணம் போடுவது? நாளைக்கே வெளியேற்றப்படலாம் என்றிருக்கும் குழு, லட்சக்கணக்கில் செலவழிக்காது. வருமானம் தராத கட்டடத்துக்கு நகராட்சியும் செலவழிக்காது. இப்படியே காலம் போய், ஒருநாள் பூட்டுப் போடுகிறார்கள். பேட்டர்ஸியிலும் 2007-ல் அந்த நிலை வந்தது. மையத்துக்கான மானியத்தை நிறுத்திவிட்டு வாடகையும் வாங்கலாம் என்று நகராட்சி ஆலோசித்தது. கலைஞர்களும் ரசிகர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். முடிவில் மையத்துக்கு 125 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. இந்தக் கதையின் திருப்புமுனை இதுதான். பின்னால் வந்த கட்டடக் கலை விருதுகளைவிட இது பெரிது. நாலு தலைமுறைக்கு இடம் உறுதி என்றானபின்தான் கொடையாளர்களிடம் போய்க் கை நீட்ட முடியும்.

புதுப்பிப்புப் பணி நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. வழக்கமாக வரைபடம் போட்டு, கட்டடத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் மூடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். கலைஞர்கள் அதற்குள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். திறக்கும்போது கட்டடம் பளபளக்கும், உள்ளே ஆள் இருக்காது. பேட்டர்ஸிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே 'ஸ்க்ராட்ச்' என்றொரு பழக்கம் இருந்தது. பாதி உருவான நாடகத்தைப் பார்வையாளர் முன் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, திருத்தி, மறுபடி போடுவது. 2003-ல் லண்டன் தேசிய நாடக அரங்கை எட்டிய 'ஜெரி ஸ்ப்ரிங்கர்: தி ஆப்பரா' இப்படித்தான் இங்கே வளர்ந்தது. அதே முறையைக் கட்டடத்துக்கும் பயன்படுத்தினால் என்ன என்று மையத்தை நடத்திய டேவிட் ஜப்பும் கட்டடக் கலைஞர் ஸ்டீவ் டாம்ப்கின்ஸும் துணிந்தார்கள்.

2007 இலையுதிர் காலத்தில் பஞ்ச்ட்ரங்க் குழு, எட்கர் ஆலன் போவின் கதைகளைக் கட்டடம் முழுவதும் நிகழ்த்தியது. முகமூடி அணிந்த பார்வையாளர்கள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் தம் விருப்பப்படி அலைந்தார்கள். எந்த அறை நாடகத்துக்கு ஒத்துவரும், எந்தக் கதவு திறந்தால் நடமாட்டம் சீராகும் என்பதெல்லாம் அந்த மாதங்களில் நேரடியாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு பகுதியாக வேலை நடந்தது. உள்முற்றம் திறந்தவெளி அரங்கமானது. வெளியூர்க் கலைஞர்கள் அங்கேயே தங்கி உழைக்கப் படுக்கையறைகள் வந்தன. நுழைவாயிலில் தேனீக்கள் பதித்த பழைய மொசைக் தரை அப்படியே இருக்கிறது.

இந்த வேலை முடியும் தறுவாயில்தான் தீ பிடித்தது.

எரிந்த மண்டபத்தைப் பழையபடி சுதையால் செய்து ஒட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாதது சரியான முடிவு. விழுந்த விதானத்தின் கோலத்தை ஒட்டி ப்ளைவுட்டில் பின்னல் விதானம் அமைத்தார்கள். பழைய வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. இடைவெளிகள் வழியே விளக்கைத் தொங்கவிடவும், ஒலியைக் கட்டுப்படுத்தவும் வசதியாகிவிட்டது. சுவர்களில் கருகியும் உரிந்தும் வெளிப்பட்ட வண்ணங்களைப் பூசி மறைக்காமல் நிலைப்படுத்தி விட்டுவிட்டார்கள். ஒரே சுவரில் பல தலைமுறைப் பூச்சுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். 1901-ஆம் ஆண்டு ஆர்கனின் பாகங்கள் சில பழுதுபார்க்க வெளியே போயிருந்ததால் பிழைத்தன.

பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தச் செலவு சுமார் 1.33 கோடி பவுண்டு. தீவிபத்துக்குப் பின் பிரிட்டிஷ் அரசு 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 2018 செப்டம்பரில் பெரிய மண்டபம் மீண்டும் திறந்தபோது முதலில் மேடையேறியது கெக்கோ குழுவின் 'மிஸ்ஸிங்'. தீயில் அரங்கப் பொருள்களை இழந்து பாதியில் நின்றுபோன அதே நாடகம்.

2020-ல் இந்த மையம், ஆட்டிசம் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் கூச்சமின்றி உட்காரக்கூடிய 'ரிலாக்ஸ்டு' அரங்கமாகத் தன்னை முழுமையாக மாற்றிக்கொண்டது. அந்த வகையில் உலகிலேயே முதல் அரங்கம் இது. லண்டன் போகிற தமிழர்கள் கிளாஃபம் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நகராட்சிக் கலையரங்கைப் புதுப்பிக்கத் திட்டம் தீட்டும் நம் ஊர் மேயர்களும் ஆணையர்களும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, அந்த அரங்கில் ஆடிப் பாடுகிறவர்களை அழைத்து உட்காரவைத்த பிறகு டெண்டர் விட வேண்டும்.